தீபாவளிக்கு வீட்டில் செய்த இனிப்பைப் பரிசாகக் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீபாவளிக்கு அக்கம்பக்கம், அலுவலகம், உறவினர் வீடு என்று கொடுத்தனுப்ப வீட்டிலேயே செய்யக்கூடிய இனிப்புகளைப் பற்றி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. கப் என்று சொல்லும் இடமெல்லாம் 240 மில்லி பிடிக்கும் கப். அதில் சர்க்கரை 200 கிராமும், ரவை 170 கிராமும், நெய் ஏறக்குறைய 215 கிராமும் பிடிக்கும். கடலை மாவை அழுத்தாமல் நிரப்பினால் சுமார் 100 கிராம். தராசு இருந்தால் தராசையே நம்புங்கள். பாகு வைக்கும் இனிப்புகளில் 30 கிராம் வித்தியாசம்கூடப் பதத்தை மாற்றிவிடும்.

முதல் தடவை செய்கிறேன். எதில் தொடங்கலாம்?

பாகு வைக்காத இனிப்பில் தொடங்குங்கள். தீபாவளி இனிப்பில் கெட்டுப்போவதில் பெரும்பங்கு பாகில்தான் கெடுகிறது. மாலாடு, ரவா லாடு, பயத்தம் உருண்டை மூன்றுக்கும் பாகு கிடையாது. வறுத்து, பொடித்து, சூடான நெய்விட்டுப் பிடித்தால் முடிந்தது. அடுத்த படி ஏழு கப் கேக். அதில் சர்க்கரை உண்டு, ஆனால் தனியாகப் பாகுப் பதம் பார்க்க வேண்டாம். காஜு கத்லியை அதற்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். ஜாங்கிரி, பாதுஷா, அல்வா ஆகியவற்றை இந்த வருடம் விட்டுவிடுங்கள்.

பரிசு கொடுக்கிற இனிப்புக்கு ருசி மட்டும் போதாது. ஒரு வாரம் வெளியில் தாங்க வேண்டும், பெட்டியில் அடுக்கி ஆட்டோவில் எடுத்துப்போனால் உடையக் கூடாது. ஐந்து வகை சுமாராகச் செய்வதைவிட இரண்டு வகை நன்றாகச் செய்து கொடுங்கள். பெட்டியைத் திறப்பவர் வகைகளை எண்ணப்போவதில்லை, நெய் வாசனையைத்தான் கவனிப்பார்.

மாலாடுக்குச் சரியான அளவு என்ன?

பொட்டுக்கடலை 500 கிராம், சர்க்கரை 400 கிராம், நெய் 200 முதல் 225 கிராம், முந்திரி 50 கிராம், ஏலக்காய் 10, ஒரு சிட்டிகை உப்பு. இதில் 25 கிராம் எடையில் நாற்பத்தைந்து உருண்டை வரும்.

பொட்டுக்கடலையை வெறும் வாணலியில் சிம்மில் 3, 4 நிமிடம் சூடுகாட்டுங்கள். நிறம் மாறக் கூடாது, கையில் எடுத்தால் சூடு தெரிய வேண்டும், அவ்வளவுதான். டப்பாவில் இருந்தபோது ஏறிய ஈரமும் பச்சை வாடையும் இதில் போய்விடும். முழுதாக ஆறிய பிறகே மிக்ஸியில் போடவும். சூட்டோடு அரைத்தால் ஆவியில் மாவு கட்டிகட்டியாகிவிடும். நைசாக அரைத்துச் சலித்து, மேலே தங்கும் குருணையை மறுபடி அரைத்துச் சேருங்கள். சர்க்கரையை ஏலக்காயோடு தனியாகப் பொடிக்கவும். கடையில் கிடைக்கும் ஐசிங் சர்க்கரை வேண்டாம். அதில் சோள மாவு கலந்திருக்கும், நாக்கில் மாவாகத் தெரியும்.

மாவையும் சர்க்கரையையும் கலந்து மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். நெய்யைக் காய்ச்சி முந்திரியைப் பொன்னிறமாக வறுத்து, அந்தச் சூட்டோடு ஒரு பங்கு மாவுக்கு வேண்டியதை மட்டும் ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறி, கைபொறுக்கும் சூட்டில் பிடியுங்கள். முழு மாவிலும் ஒரே நேரத்தில் நெய்யைக் கொட்டினால் பாதி பிடிப்பதற்குள் மீதி ஆறிப்போகும்.

பிடிக்கும்போது உதிர்கிறது. நெய் இன்னும் ஊற்ற வேண்டுமா?

உடனே ஊற்றாதீர்கள். பெரும்பாலும் நெய் குறைந்திருக்காது, ஆறிப்போயிருக்கும். மாவுப் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் இரண்டு நிமிடம் வைத்துப் பிசைந்து பாருங்கள். அப்படியும் உதிர்ந்தால் ஒரு தேக்கரண்டி சூடான நெய் விட்டு மறுபடி முயலுங்கள். மாவு கொரகொரவென்று இருந்தாலும் பிடிபடாது, ஆகவே சலிப்பதைத் தவிர்க்க வேண்டாம்.

நெய் அதிகமானால் வேறு விதமாகத் தெரியும். பிடித்து வைத்த உருண்டை பத்து நிமிடத்தில் அடிப்பக்கம் தட்டையாக உட்கார்ந்துவிடும். உதிர்த்துவிட்டு, இரண்டு கரண்டி பொட்டுக்கடலை மாவும் ஒரு கரண்டி பொடித்த சர்க்கரையும் சேர்த்துப் பிடித்தால் சரியாகும்.

மறுநாள் உருண்டையின் மேல் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை என்று பயப்பட வேண்டாம். குளிரில் நெய் உறைந்தது அது. விரலால் தேய்த்தால் கரைந்துவிடும். பூஞ்சையாக இருந்தால் கரையாது, பஞ்சு மாதிரி எழும்பி நிற்கும், வாடையும் வரும்.

ரவா லாடில் பால் தெளிக்கலாமா?

வீட்டில் இரண்டு நாளில் தீர்ந்துவிடும் என்றால் தெளிக்கலாம். பரிசுக்குக் கூடாது. பால் தெளித்தால் நெய் குறைவாகவே பிடிக்க வரும் என்பது உண்மை. ஆனால் அந்த ஈரம் மூன்றாம் நாளே புளிப்பு வாடையைக் கொண்டுவரும்.

பால் இல்லாமல் செய்ய: ரவை 500 கிராம், பொடித்த சர்க்கரை 450 கிராம், நெய் 200 கிராம், முந்திரியும் திராட்சையும் தலா 40 கிராம், ஏலக்காய் 8. இரண்டு கரண்டி நெய்யில் ரவையைச் சிம்மில் 10 நிமிடம் வறுக்கவும். சிவக்கக் கூடாது, வாசனை வந்து மணல்போலப் பொலபொலவென்று விழ வேண்டும். ஆறியதும் அதில் பாதியை மிக்ஸியில் இரண்டு சுற்று விட்டு எடுத்து மீதியோடு கலந்தால், மாவு பிணைப்பைக் கொடுக்கும், ரவை கடிபடும். திராட்சையை நெய்யில் உப்பும் வரை பொரித்துவிடுங்கள். பொரிக்காத திராட்சையின் ஈரம் லாடில் இறங்கும்.

பாகுப் பதத்தை எப்படிச் சரியாகக் கண்டுபிடிப்பது?

சர்க்கரையும் தண்ணீரும் கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிப் போகிறது, மிச்சம் கெட்டியாகிறது, சூடும் ஏறுகிறது. பதம் என்பது இன்னும் எவ்வளவு தண்ணீர் மிச்சமிருக்கிறது என்பதுதான். அதனால் "ஐந்து நிமிடம் கொதிக்கவிடவும்" என்ற கணக்கு உங்கள் வீட்டில் பொருந்தாது. பாத்திரத்தின் அகலம், அடுப்பின் வேகம், ஊற்றிய தண்ணீர் எல்லாம் சேர்ந்து நேரத்தை மாற்றும்.

முதலில் வருவது பிசுக்குப் பதம். தொட்டால் தேன்போல ஒட்டும், கம்பி வராது. குலாப் ஜாமூனுக்கு இது போதும். அடுத்தது ஒற்றைக் கம்பி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே ஒரு துளியை வைத்து மெல்லப் பிரித்தால் அறுபடாத ஒரு இழை நிற்கும். இனிப்புத் தெர்மாமீட்டர் வைத்திருந்தால் சுமார் 105 டிகிரி செல்சியஸ் காட்டும். காஜு கத்லிக்கும் மைசூர்பாகுக்கும் இந்தப் பதம். இதைத் தாண்டினால் உருட்டுப் பதம்: தட்டில் ஊற்றிய தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் விரலுக்குள் மெத்தென்று திரளும், இது 112 முதல் 116 டிகிரி வரை. கடலை உருண்டைக்கு இன்னும் மேலே போக வேண்டும். தண்ணீரில் விட்ட பாகை உருட்டி எவர்சில்வர் தட்டில் போட்டால் டங்கென்று சத்தம் கேட்க வேண்டும்.

சோதிக்கும் ஒவ்வொரு முறையும் அடுப்பைச் சிம்மில் வையுங்கள். ஒற்றைக் கம்பியிலிருந்து உருட்டுப் பதத்துக்குப் போக ஒரு நிமிடம்கூட ஆகாது. நீங்கள் விரலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாகு தாண்டிவிடும். தாண்டிவிட்டால் பதறாமல் கால் கப் வெந்நீர் விட்டு மறுபடி கொதிக்கவிடுங்கள், பின்னோக்கி வந்துவிடும். மாவைப் போடுவதற்கு முன்பு வரைதான் இந்தச் சலுகை.

சர்க்கரை கரைந்த பிறகு பாகைக் கிளறிக்கொண்டே இருக்காதீர்கள். கரண்டி உரசலும், பாத்திர ஓரத்தில் ஒட்டிய சர்க்கரைத் துகளும் பாகு பூத்துப்போகக் காரணம். ஓரத்தை ஈரத் துணியால் துடைத்துவிடுங்கள். சர்க்கரையில் அழுக்கு இருந்தால் ஒரு மேசைக்கரண்டி பால் விட்டால் நுரையோடு மேலே வரும், அப்படியே எடுத்துவிடலாம்.

ஏழு கப் கேக்கின் கணக்கு என்ன?

கடலை மாவு 1, தேங்காய்த் துருவல் 1, பால் 1, நெய் 1, சர்க்கரை 3. ஆக ஏழு. மூன்று கப் சர்க்கரை இன்றைய நாக்குக்குத் திகட்டும். இரண்டரை போட்டாலும் நன்றாகவே இறுகும். இரண்டுக்குக் கீழே இறங்கினால் துண்டு விழாது.

கடலை மாவைச் சலித்து, இரண்டு கரண்டி நெய்யில் பச்சை வாடை போக 4 நிமிடம் சிம்மில் வறுக்கவும். தேங்காயில் வெள்ளைப் பகுதியை மட்டும் துருவுங்கள், ஓட்டை ஒட்டிய பழுப்பு சேர்ந்தால் நிறம் மங்கும். மாவைப் பாலில் கட்டியில்லாமல் கரைத்து, தேங்காய், சர்க்கரை, மீதி நெய் எல்லாவற்றையும் அடிகனமான உருளியில் ஒன்றாகச் சேர்த்து மிதமான தீயில் கிளறுங்கள். 20 முதல் 25 நிமிடம் ஆகும். முதல் பத்து நிமிடம் ஒன்றுமே நடக்காததுபோல இருக்கும். பிறகு கெட்டியாகி, குமிழி விட்டு, ஓரங்களில் வெண்மையாக நுரைத்து, உருளியில் ஒட்டாமல் சுருண்டு வரும். நுரைத்து வருவதுதான் அடையாளம். உடனே நெய் தடவிய தட்டில் கொட்டி, கிண்ணத்தின் அடியால் சமப்படுத்தி, 5 நிமிடத்தில் கோடு போட்டுவிட்டு, முழுதாக ஆறியதும் துண்டுகளைப் பிரித்தெடுங்கள். இரண்டரை கப் சர்க்கரையில் ஏறத்தாழ 850 கிராம் கிடைக்கும்.

ஏழு கப் இறுகவில்லை, அல்லது கல்லாகிவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

வேண்டாம். இரண்டையும் மீட்கலாம். இறுகாதது சீக்கிரம் இறக்கிய குற்றம். அப்படியே உருளிக்குத் திருப்பி, மிதமான தீயில் நுரைக்கும் வரை கிளறிக் கொட்டுங்கள். கல்லானது தாமதமாக இறக்கியது. உடைத்துத் தூளாக்கி, கால் முதல் அரை கப் பால் விட்டுச் சிம்மில் இளக்கி, மறுபடி சுருண்டு வந்ததும் கொட்டலாம். மீட்டதன் மென்மை கொஞ்சம் குறைவாக இருக்கும், ஆகவே அதை வீட்டுக்கு வைத்துக்கொண்டு பெட்டிக்குப் புதிதாக ஒன்று கிளறுங்கள்.

மைசூர்பாகு சுலபமா?

பொருள்கள் சுலபம், நேரம் கணிப்பது கடினம். கடலை மாவு 1 கப், சர்க்கரை ஒன்றேகால் கப், தண்ணீர் அரை கப், நெய் ஒன்றேகால் கப். ஒற்றைக் கம்பிப் பாகில் நெய்யில் கரைத்த மாவைச் சேர்த்து, பக்கத்து அடுப்பில் காய்ந்துகொண்டே இருக்கும் நெய்யைக் கரண்டி கரண்டியாக விட வேண்டும். சூடான நெய் பட்டதும் பாகிலுள்ள தண்ணீர் ஆவியாகி வெளியேறும் வழிதான் அந்த ஓட்டை ஓட்டையான பதம். ஆறிய நெய்யை விட்டால் ஓட்டை வராது. அரை நிமிடம் அதிகம் கிளறினால் உதிர்ந்து பொடியாகும். பண்டிகைக்கு முன்பு பாதி அளவில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

காஜு கத்லி ஏன் ஒட்டுகிறது, அல்லது வெடிக்கிறது?

முந்திரி 250 கிராம், சர்க்கரை 140 கிராம், தண்ணீர் 70 மில்லி, நெய் 2 தேக்கரண்டி. குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த முந்திரியை உடனே அரைக்காதீர்கள், அதன்மேல் வேர்க்கும் ஈரம் பொடியைக் களியாக்கும். வெளியில் ஒரு மணி நேரம் வைத்து, மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டிப் பொடியுங்கள். தொடர்ந்து ஓட்டினால் முந்திரியின் எண்ணெய் வெளியேறும், கத்லி எண்ணெய் கக்கும். பொடியைச் சலித்து ஒற்றைக் கம்பிப் பாகில் சேர்த்து, சிம்மில் 3, 4 நிமிடம் கிளறவும். சிறிது எடுத்து உருட்டினால் விரலில் ஒட்டாமல் வந்தால் இறக்கலாம்.

கைபொறுக்கும் சூட்டில் நெய் தொட்டு இரண்டு நிமிடம் பிசைந்து, இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து 5 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கவும். ஒட்டினால் பதம் குறைவு: மறுபடி ஒரு நிமிடம் சூடுபடுத்துங்கள். தேய்க்கும்போது ஓரம் வெடித்தால் வறண்டுவிட்டது: ஒரு தேக்கரண்டி வெதுவெதுப்பான பால் விட்டுப் பிசையுங்கள். வெள்ளி இழை தேவையில்லை.

கடலை உருண்டையைப் பரிசாகக் கொடுத்தால் மதிப்பாக இருக்குமா?

தாராளமாக. கோவில்பட்டி கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 500 கிராமுக்கு வெல்லம் 350 கிராம், தண்ணீர் 100 மில்லி, அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி. வெல்லத்தைக் கரைத்து, மண் இருக்கும் என்பதால் வடிகட்டிவிட்டு, டங்கென்று சத்தம் கேட்கும் பதத்துக்குக் காய்ச்சிக் கடலையைக் கொட்டுங்கள். கையில் அரிசி மாவைத் தொட்டுக்கொண்டு வேகமாகப் பிடிக்க வேண்டும். சூடு தாங்காதவர்கள் நெய் தடவிய பலகையில் கொட்டித் தேய்த்து வில்லை போடலாம். பதம் குறைந்தால் முதல் நாள் நன்றாக இருந்து மறுநாள் பல்லில் இழுக்கும்.

வெல்லம் போட்டால் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கலாமா?

வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் பெரும்பங்கு அதே சர்க்கரைதான், ரத்தச் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். "வெல்லம்தான், சாப்பிடுங்கள்" என்று சொல்லிக் கொடுப்பது அவர்களுக்குச் செய்யும் கெடுதல். அந்த வீட்டுக்கு மிளகும் உப்பும் பிரட்டி வறுத்த பாதாம், முந்திரி, வேர்க்கடலையை நல்ல பாட்டிலில் போட்டுக் கொடுங்கள்.

நெய்க்குப் பதில் வனஸ்பதி?

பாதிக்குப் பாதிகூட வேண்டாம். வாயில் மெழுகாகப் படியும், ஆறினால் வாடை தெரியும். செலவைக் குறைக்க வேண்டுமானால் எண்ணிக்கையைக் குறையுங்கள். உப்பில்லாத வெண்ணெய் 500 கிராம் வாங்கி வீட்டில் உருக்கினால் 400 கிராம் அளவுக்கு நெய் கிடைக்கும். சடசடப்பு அடங்கி அடியில் கசண்டு பொன்னிறமானதும் இறக்கி, ஒரு கொத்து முருங்கைக்கீரை போட்டு வடிகட்டுங்கள்.

எத்தனை நாள் முன்பே செய்து வைக்கலாம்?

கடலை உருண்டை மூன்று வாரம் தாங்கும், காற்றுப் புகாத டப்பா இருந்தால். மாலாடும் பாலில்லாத ரவா லாடும் பத்து நாளுக்குக் குறையாமல் நிற்கும். மைசூர்பாகும் அப்படித்தான். ஏழு கப்பும் காஜு கத்லியும் ஒரு வாரம். தேங்காய் பர்ஃபி மூன்று நாளில் காறல் வாடை எடுக்கத் தொடங்கும், அதைத் தீபாவளிக்கு முந்தின நாள் மட்டும் செய்யவும்.

ஐப்பசி மழையைக் கணக்கில் எடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் நேரத்தில்தான் தீபாவளி வருகிறது. சர்க்கரை காற்றின் ஈரத்தை இழுக்கும், வெல்லம் இன்னும் அதிகமாக இழுக்கும். மழை பெய்யும்போது இனிப்பைத் திறந்து ஆறவைத்தால் மேலே பிசுபிசுக்கும். மூடிய அறையில், மெல்லிய துணி போர்த்தி ஆறவிடுங்கள். அதே சமயம், சூடு முழுதாக ஆறாமல் டப்பாவை மூடினால் மூடியில் வேர்த்து, அந்தத் துளி விழுந்த இடத்தில் பூஞ்சை வரும்.

பத்து வீட்டுக்கு எவ்வளவு செய்ய வேண்டும்?

வீட்டுக்கு 250 கிராம் என்றால் இரண்டரைக் கிலோ. மேலே சொன்ன மாலாடு ஒரு தடவை, ஏழு கப் இரண்டு தடவை செய்தால் ஏறக்குறைய 2.8 கிலோ வரும். உடைசலும் வீட்டுப் பிள்ளைகள் எடுப்பதும் அதில் அடங்கும். ஏழு கப்பை இரட்டிப்பாக ஒரே உருளியில் கிளறாதீர்கள். கை சோர்ந்துவிடும், அடியும் பிடிக்கும்.

பெட்டியில் எப்படி அடுக்குவது? முறுக்கையும் சேர்த்து வைக்கலாமா?

அடியில் பட்டர் பேப்பர், ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவிலும் பட்டர் பேப்பர். செய்தித்தாள் கூடவே கூடாது, அச்சு மை நெய்யில் இறங்கும். உருண்டைகளைச் சின்னக் காகிதக் கிண்ணங்களில் உட்கார வையுங்கள். கனமான ஏழு கப் கீழே, லாடு மேலே. முறுக்கு, மிக்சரைத் தனி உறையில் ஒட்டி வையுங்கள். ஒன்றாக வைத்தால் முறுக்கு நமத்துப்போகும், இனிப்பில் பெருங்காய வாடை ஏறும்.

பெட்டியின்மேல் இனிப்பின் பெயர், செய்த தேதி, எத்தனை நாளுக்குள் சாப்பிட வேண்டும், முந்திரி, வேர்க்கடலை, பால் பொருள் உண்டா என்பதை எழுதி ஒட்டுங்கள். கடலைக்கு ஒவ்வாமை உள்ள குழந்தை இருக்கும் வீட்டில் இந்த ஒரு வரி மிக முக்கியம்.

கூரியரில் அனுப்பினால் உடையாதா?

கடலை உருண்டையும் காஜு கத்லியும் எதையும் தாங்கும். ஏழு கப் ஓரளவு தாங்கும். ரவா லாடு பெரும்பாலும் புட்டாகத்தான் போய்ச் சேரும். டப்பாவுக்குள் காலி இடமே இல்லாமல் பட்டர் பேப்பரைக் கசக்கி நிரப்புங்கள், குலுக்கினால் சத்தம் வரக் கூடாது. வெளிநாடானால் பால், நெய் சேர்ந்த பொருளுக்கு அந்த நாட்டில் அனுமதி உண்டா என்று முதலில் விசாரியுங்கள்.

கூடவே தீபாவளி லேகியம் வைக்கலாமா?

இனிப்புப் பெட்டியோடு ஒரு சின்னப் பாட்டில் லேகியம் வைத்தால் வாங்குபவர் மனம் குளிர்ந்துவிடும். மல்லி 2 மேசைக்கரண்டி, ஓமம் 2 மேசைக்கரண்டி, சீரகம் 1 மேசைக்கரண்டி, மிளகு 1 தேக்கரண்டி, அரிசித் திப்பிலி 10, விரல் நீளச் சுக்கு. சுக்கைத் தட்டிப்போட்டு எல்லாவற்றையும் வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைக்கவும். ஒரு கப் வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, விழுதைச் சேர்த்து, கால் கப் நெய்யும் 2 மேசைக்கரண்டி நல்லெண்ணெயும் விட்டுக் கிளறுங்கள். ஆறினால் இறுகும் என்பதால் கொஞ்சம் தளர்வாகவே இறக்கி, ஆறியபின் 2 மேசைக்கரண்டி தேன் கலக்கவும். ஈரமில்லாத பாட்டில், ஈரமில்லாத கரண்டி.

உடைந்த துண்டும் தூளும் மீந்துவிட்டது. என்ன செய்யலாம்?

ஏழு கப் தூளைக் கொதிக்கும் பாலில் போட்டு ஐந்து நிமிடம் விட்டால் பாயசமாகிவிடும், சர்க்கரை சேர்க்கவே வேண்டாம். உதிர்ந்த மாலாடு மாவைச் சப்பாத்தி மாவுக்குள் பூரணமாக வைத்துப் போளி தட்டலாம். கத்லி ஓரங்களை மறுபடி பிசைந்து சின்ன உருண்டையாக்கி, ஒன்றின் நடுவே ஒரு பிஸ்தாவை அழுத்தினால் அதுவும் பெட்டிக்கே போகும்.